சாண்ட்ரா அக்காவின் குரல்

காலடிப்பேட்டை,
கார்த்திகைக் கடைசி.

அன்புள்ள தப்ரேஸ்,

நான் டெபோரா. இங்கே எல்லோரும் வழக்கமான இருமலோடு நன்றாகவே இருக்கிறோம். போலந்துக் குளிர் உனக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். உன் முகவரியை உங்கள் வீட்டு அமீர் அண்ணனிடம் வாங்கினேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ நீல டிக்கோடு நிறுத்திவிடுகிறாய். காகிதத்துக்கு அந்த வசதி இல்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

மழை இந்த வருஷம் சுமார்தான். சடையங்குப்பத்தில் மட்டும் எப்போதும்போல் தண்ணீர் ஏறி, தானாக வடிந்தது. மாடியில் காயப்போட்ட துணியை மின் நிலையத்துக் கரித்தூள் தட்டித்தான் எடுக்கிறோம். நான் வீட்டிலிருந்தே ஒரு பெங்களூர்க் கம்பெனிக்குப் படம் வரைகிறேன். மிட்டாய் உடைக்கும் கேம். மிட்டாய்க்குப் பளபளப்பு போதவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். நீ அங்கே நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து செய்யும் கேமில் மழைத்துளிக்குப் பளபளப்பு ஏற்றுவதாக அமீர் அண்ணன் சொன்னார். இரண்டு பேரும் பளபளப்பில் வந்து நிற்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த 'தண்ணி வருது' கேமைப் பற்றித்தான்.

நீ போன பிறகும் அதை ஆடியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஆடியவர்கள் மனசு விட்டு எழுதினார்கள். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் காஜா மொய்தீன் என்பவர் சடையங்குப்பத்துக்காரர். படகை இரண்டாவது சந்துக்குள் திருப்பியதும் ஒரு நீலக் கதவு வருமே, அதைப் பார்த்துவிட்டு, "அது எங்க வூட்டுக் கதவு தங்கச்சி, மேல பாதி பெயிண்டு போயிருக்கும், அதக்கூட வுடாம வரஞ்சிகீறியே" என்று குரல் பதிவு அனுப்பினார். பெரிய கம்பெனியாக இருந்தால் அந்தக் கதவை உள்ளே விட்டிருப்பார்களா? வெள்ளத்தில் தெருத்தெருவாகப் படகு ஓட்டி ஆட்களை ஏற்றுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்டிருப்பார்கள். நம்மைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. அதுதான் நமக்கு இருந்த பெரிய பலம்.

சாண்ட்ரா அக்காவின் குரலும் அப்படித்தான் உள்ளே வந்தது. மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், கேமுக்குப் பேசுவாரா, நல்ல உச்சரிப்புள்ள ஒருவரை வைத்துக்கொள்ளலாமே என்று உன் காலேஜ் சார் சொன்னபோது நீதான் சண்டை போட்டாய். சடையங்குப்பம் மூழ்கிய அந்த வெள்ளத்தில் தன் தம்பியின் படகில் போய் ஆட்களை ஏற்றியவர் அவர், வேறு யார் பேசுவது என்று கேட்டாய். "இன்னாடா அங்கயே குந்திகினு கீற? அந்தாண்ட மாடில ஆளுங்க கீறாங்க, துடுப்ப போடு!" என்று அவர் அதட்டும்போது ஆடுகிறவர்களின் கை தானாக ஓடும்.

கடைசிச் சந்தில் அவர் தன் அம்மா இருதயம்மாளைக் கூப்பிடுவார். படுத்த படுக்கையாக இருந்த அம்மா. அக்காவின் படகு போவதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி எல்லாம் முடிந்துவிட்டது. அன்று வாசலில் நின்று கூப்பிட்டது போலவே "எம்மோவ்" என்று ஒரே ஒரு முறை நமக்காகக் கூப்பிட்டுக் கொடுத்தார். நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். ஆடும்போது அந்தக் குரலுக்குப் பதில் வராது. கேமும் அங்கேயே முடிந்துவிடும்.

போன மாதம் யூடியூபில் கேம் ஆடிக்காட்டும் ஒருவன் நம்முடையதை எடுத்தான். நல்லவிதமாகத்தான் தொடங்கினான். படங்களைப் பாராட்டினான். கடைசிச் சந்தில் திரை அப்படியே உறைந்துவிட்டது, குரல் மட்டும் நிற்கவில்லை. எம்மோவ், எம்மோவ், எம்மோவ் என்று சிக்கிக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரித்தான். அந்த இடத்தை மட்டும் யாரோ வெட்டிப் போட, வேறு யாரோ தாளம் சேர்க்க, கொஞ்ச நாளில் எங்கே பார்த்தாலும் அதுதான். தேரடியில் ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டுக்காரருக்கு அது ரிங்டோன்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. உன்னுடைய போனிலும் என்னுடைய போனிலும் அது ஒழுங்காகத்தான் ஓடியது. உங்கள் கம்பெனியில் ஆடிப் பார்த்துப் பிழை பிடிப்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். நமக்கு இருந்தது எங்கள் வீட்டு ஃப்ரெடி மாமா. அவரும் கடைசிச் சந்து வரை ஒருநாளும் போனதில்லை, பாதியில் பசிக்கிறது என்று எழுந்துவிடுவார்.

நானே சரிசெய்யலாம் என்று நீ எழுதிய ப்ரோகிராமைத் திறந்தேன். சத்தம் வரும் இடத்துக்கு மேலே, 'இதைத் தொடாதே, ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது' என்று உன் குறிப்பு. தொடவில்லை. தொட்டாலும் ஸ்டோரில் ஏற்ற உன் கணக்கு வேண்டும்.

அந்த யூடியூப்காரனுக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டான், தன் வீடியோவை எடுத்தும்விட்டான். ஊரில் சுற்றும் துண்டுகளை அவனால் என்ன செய்ய முடியும்? கூடவே, உங்கள் கேமுக்கு இது நல்ல விளம்பரம்தானே அக்கா என்றான். பொய் இல்லை. இத்தனை காலம் கேமைப் போனில் இறக்கியவர்களைவிட அந்த ஒரு வாரத்தில் இறக்கியவர்கள் அதிகம். எல்லோரும் அவசரமாகக் கடைசிச் சந்துக்குப் போய், குரல் சிக்குகிறதா என்று பார்த்தார்கள். யாருக்குச் சிக்கவில்லையோ அவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

சாண்ட்ரா அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்குக் கடைசியில்தான் தெரிந்தது. ஐஸ் இறக்கும் ஆட்கள் அவரைப் பார்த்து "எம்மோவ்" என்று குரல் கொடுக்க, ஏதோ கேட்கிறார்கள் என்று அவரும் "இன்னா நைனா" என்றிருக்கிறார். சிரித்திருக்கிறார்கள். மகள் ஜெஸ்லின் காலேஜுக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் விசாரித்து, அவள் போனிலேயே அதைப் பார்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று அம்மா பயந்துவிட்டாள். திட்டியிருக்கலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எங்கம்மாவ நான் கூப்ட்டேன். இவனுங்க இன்னாத்துக்கும்மா கூப்ட்டுகினு கீறானுங்க?" என்று கேட்டார். போன், பிழை, சத்தம் என்று நான் ஏதேதோ விளக்கினேன். "மிசினு மேல தப்புன்ற, சர்தான். மிசினா சிரிச்சுது?" என்றார். பிறகு, "என் குரல எடுத்துடு டெபோரா, வாணாம்" என்றார்.

அது தப்ரேஸால்தான் முடியும் என்றேன். "அந்த பாய் வூட்டுப் புள்ளயா? அன்னிக்கு வெளிய போய் அயுதுகினு இருந்துச்சே, நான் பாத்தேன். அது புரிஞ்சிக்கும், சொல்லு" என்றார். நீ அழுதது எனக்குத் தெரியாது தப்ரேஸ். காற்றுக்குப் போய் நிற்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

படகுக்கு வழி சொல்வதே அவர் குரல்தான். அதை எடுத்துவிட்டால் யார் எந்த மாடியில் நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஊமைத் தெருக்களில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேறு ஒருவரைப் பேசவைக்கலாம் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கு மனமில்லை. பிழையை மட்டும் சரிசெய்து விட்டுவிடலாம் என்றும் யோசித்தேன். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. கேமை மொத்தமாக ஸ்டோரிலிருந்து எடுத்துவிடு. எத்தனை மழைக்காலம் அதில் போயிற்று என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஜெஸ்லின் திரும்பவும் காலேஜுக்குப் போகிறாள். அந்த வீடியோவை ஜனங்கள் மறந்து வேறொன்றுக்குப் போய்விட்டார்கள். சாண்ட்ரா அக்கா மட்டும் தண்டையார்பேட்டைப் பக்கம் கூடையை மாற்றிக்கொண்டார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. நேற்று மீன் வாங்கப் போவதுபோல் போய்ப் பார்த்தேன். சந்தைக்கே கேட்கிற மாதிரி கூவி விற்றவர், இப்போது யாராவது விலை கேட்டால் விரலை மடக்கிக் காட்டுகிறார்.

அப்படியே கல்மண்டபம் வரை போனபோது உன் அம்மா மலிகாம்மாவைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறார். நீ பேசி ரொம்ப நாளாயிற்று என்றார். அங்கே வேலை அதிகம் என்று நானாக ஒரு சமாதானம் சொல்லிவைத்தேன். உன் வேலை நல்லபடியாக நடக்கட்டும், அவருடைய உடம்பு தேறட்டும் என்று மாதா கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு நீ பதில் எழுத வேண்டாம், கேமை எடுத்துவிட்டால் எனக்கே தெரிந்துவிடும். உன் அம்மாவுக்குப் போன் செய். நீ கூப்பிட்டால் இந்தப் பக்கம் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது தப்ரேஸ். கூப்பிடு.

மாறாத அன்புடன்,
உன் தோஸ்து
டெபோரா