நாக்கில் ஒட்டாத எலும்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம், அங்கே உன் நலம் எப்படி என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். எனக்குத்தான் ஒரு பயம் பிடித்திருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உங்கப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால்தான் கடிதம்.

அவருடைய கல் பைத்தியம் உனக்குத் தெரிந்ததுதான். முன்னறை முழுக்கப் பெட்டிகள், சிப்பிக்கு ஒன்று, மீன் முள்ளுக்கு ஒன்று, பிடிபடாததற்கெல்லாம் 'தெரியாதவை' என்று எழுதி ஒட்டிய ஷூ பெட்டி. எது கிடைத்தாலும் நக்கிப் பார்ப்பார், நாக்கில் ஒட்டினால் பழங்காலத்து எலும்பாம், ஒட்டாவிட்டால் வெறும் கல்லாம். நாக்கை அடக்கத் தெரியாத மனுஷன் என்று நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். போன மழையில் பழைய கல்குவாரியின் கரை சரிந்ததும் ஓடிப்போய் மண் அப்பிய தாடைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பார்த்தால் எலும்பு, நக்கினால் ஒட்டவில்லை. குழம்பிப்போய் ஷூ பெட்டியில் போட்டார். அருங்காட்சியகத்து அம்மா அடுத்த மாதம் வந்து இன்னதென்று சொல்வாராம், அதுவரை யாரும் கழுவக் கூடாதாம். நான் கழுவவில்லை, தூசி தட்டும்போது கை தவறி விழுந்து மண் உதிர்ந்துவிட்டது. கடைவாய்ப் பல்லில் என்னவோ மினுங்கியது. வெள்ளி அடைத்த பல். பழங்காலத்து மிருகம் எந்தப் பல் டாக்டரிடம் போயிருக்கும், நீயே சொல்.

உன் மினுக்குச் சித்தப்பா ஞாபகம் இருக்கிறாரா? அந்தக் குவாரியில்தான் லாரி ஓட்டினார். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர் திரும்பவேயில்லை. பஸ் ஏறிப் போனதாக யாரோ சொன்னதை நம்பி, கோபம் தணிந்தால் வருவான் என்று உங்கப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நீதான் சித்தப்பா மடியில் ஏறி வாயைத் திறக்கச் சொல்லி அந்த வெள்ளிப் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். அண்ணி என்ற மரியாதையில் என் எதிரில் அவர் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. அதனால் கேட்கிறேன், அந்தப் பல் எந்தப் பக்கம்? கிடைத்த துண்டு எந்தப் பக்கத்துத் தாடை என்று என் கன்னத்தோடு வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அன்றிலிருந்து அந்தக் கன்னத்தில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. எந்தப் பக்கம் என்று உனக்கு எழுதமாட்டேன், எழுதினால் உன் நினைவும் அந்தப் பக்கமே சாயும். ஊரில் எத்தனையோ பேர் வாயில் வெள்ளி இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன், தேறமாட்டேன் என்கிறது.

திரும்ப மண்ணைக் குழைத்துப் பூசி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்பா தினமும் அதை எடுத்துப் பார்க்கிறார். நேற்றுச் சாப்பிடும்போது, "இது மட்டும் யாருக்கும் தெரியாத புது உயிரினம்னு சொல்லிட்டாங்கன்னு வை, தம்பி பேரைத்தான் வைக்கச் சொல்லுவேன்" என்றார். எனக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது, அவரே தலையில் தட்டிவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பதிலைத் தையற்கடை அக்கா முகவரிக்கே போடு, நம் வீட்டுத் தபாலை அப்பாதான் பிரிப்பார். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே எழுது, அம்மா பயப்படுகிறாளே என்று ஏதோ ஒரு பக்கத்தை எழுதிவிடாதே.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்
அம்மா