சாவு பதியாத அத்தை

9 ஜூன் 2024, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போய் வந்து துணி துவைத்தேன். இந்த மழையில் எங்கே காயப்போகிறது.

ரியா மறுபடியும் அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டாள். நவம்பரில் கல்யாணம். ரிசப்ஷன் ஹால் வாசலில் இரண்டு வீட்டு வம்சத்தையும் மரம்போல வரைந்து வைக்க வேண்டுமாம். மாப்பிள்ளை ஜேடன் வீட்டில் ஐந்து தலைமுறை தயார். "மம்மி, நம்ம சைடு எம்ப்டியா இருந்தா நல்லா இருக்காது."

பள்ளி ஆபீஸில் இத்தனை வருடமாக ஊரார் பிள்ளைகளின் பிறந்த தேதியைச் சரிபார்க்கிறவள் நான். சொந்த வீட்டைச் சரிபார்த்ததில்லை. மாலை அப்பாவோடு உட்கார்ந்தேன். எண்பது வயதிலும் அவருக்கு, தாத்தா தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே கட்கிக்கு வேலைக்கு வந்த மாதம்கூட நினைவிருக்கிறது. தன் தங்கை அந்தோணியம்மாளைப் பற்றிக் கேட்டபோது மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"எழுபத்தொண்ணுல மஞ்சக்காமால. போயிட்டா. அம்புட்டுதான்."

அப்போது அத்தைக்குப் பதினெட்டு.

14 ஜூன்

லஞ்ச் நேரத்தில் சர்ச்சின் பங்கு ஆபீஸ். அங்கே வேலை செய்யும் சுனில் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். அத்தையின் ஞானஸ்நானம் இருக்கிறது. புதுநன்மை இருக்கிறது. அடக்கம் செய்த பதிவு இல்லை. எழுபத்தொன்று முழுவதும் பார்த்தேன், பிறகு எழுபதும் எழுபத்திரண்டும். பக்கம் எதுவும் கிழியவில்லை, எண்கள் வரிசையாகத்தான் ஓடுகின்றன. பிறந்து இரண்டு நாளில் போன பெயரிடாத குழந்தைக்குக்கூட ஒரு வரி உண்டு.

எழுத மறந்திருப்பார்களோ?

22 ஜூன்

தாத்தா கல்லறையில்தான் அத்தையையும் வைத்தோம் என்றார் அப்பா. ஒரு கல்லறையைத் திறப்பதென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். பழைய சீட்டுகளைப் பார்த்தேன்; அந்தக் கல்லறை இரண்டு தடவைதான் திறக்கப்பட்டிருக்கிறது — தாத்தாவுக்கு ஒரு தடவை, எண்பத்து மூன்றில் ஆச்சிக்கு ஒரு தடவை. நடுவில் யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. கண்டோன்மெண்ட் மரணப் பதிவிலும் அந்தப் பெயர் இல்லை.

ஓரிடத்தில் இல்லை என்றால் மறதி. மூன்று இடத்தில் இல்லை என்றால்?

30 ஜூன்

மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பூசையில் வாசிக்க அப்பா செத்தவர்கள் பெயர்களைக் கொடுப்பார். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நான், சின்ன வயதிலிருந்தே. தாத்தா, ஆச்சி, அம்மா. யாருமில்லாமல் செத்த பக்கத்து வீட்டு டேனியல் அங்கிள்கூட உண்டு. அத்தை பெயரை ஒரு வருடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்பா ஊரை ஏமாற்றுவார். ஆண்டவரை ஏமாற்ற மாட்டார்.

1 ஜூலை

கேட்டுவிட்டேன்.

"அத்தைக்கு ஒரு பூசைகூட வைக்கலையேப்பா. ஏன்?"

அவர் வேட்டி நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "உசிரோட இருக்கவளுக்கு எப்படி பூச வைக்க?" என்றார்.

கன்னத்தில் தேமல்போல வந்ததாம். ஊசியால் குத்தினால் தெரியவில்லையாம். தொழுநோய். அவளுக்கு மூத்த பெரிய அத்தைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். தாத்தா உயிரோடு இல்லை, வீட்டுக்கு ஆம்பிளை அப்பாதான். சாகண் ஊர் தாண்டி, கன்னியர் நடத்தும் ஒரு தொழுநோய் ஹோமில் கொண்டுபோய் விட்டார். வீட்டுக்கு வந்து, பம்பாய் ஆஸ்பத்திரியில் செத்துவிட்டாள், அங்கேயே அடக்கமும் ஆயிற்று என்று சொன்னார். எனக்குச் சொன்ன தாத்தா கல்லறைக் கதை பிறகு சேர்த்தது போல. பெற்ற தாய்க்கும் பொய்தான். ஆச்சி கடைசிவரை அழுதிருக்கிறாள்.

"சொகமாகலையா?"

"ஆயிருச்சு. மூணு நாலு வருசத்துல. ஹோம் சிஸ்டர் நான் வேல செய்த எடத்துக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னா."

"அப்புறம்?"

"அப்ப நீ உங்கம்மா வயித்துல இருந்த. பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுக்கு அவளக் கூட்டியாரவா? அதோட செத்துட்டான்னு சொல்லியாச்சுல்லா. செத்தவள எப்படிக் கூட்டியார?"

என்ன மனுசன் இவரு. இந்தக் கையாலதானே இத்தன வருசமா சோறு போட்டேன் — இராத்திரி தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

7 ஜூலை

போனேன். தனியாக. என் கணவர் ஃபேக்டரிக்குப் போகிற பஸ் இருபது வருடமாக அந்த ஹோம் வாசலைத் தாண்டித்தான் போகிறது.

சமையற்கட்டில் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, இடது கையில் இரண்டு விரல் மடங்கியிருக்கிறது. கன்னத்தில் எதுவுமில்லை. உங்கள் அண்ணன் சேவியரின் மகள் என்றேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணன் செத்துட்டானா?"

"இல்ல அத்தை. நல்லா இருக்காரு."

"அப்ப நீ என்னத்துக்கு வந்த?"

ஒரு கட்டுக் கீரையை என் பக்கம் தள்ளினாள். நானும் ஆய்ந்தேன்.

11 ஆகஸ்ட்

மூன்றாவது தடவை. இன்று வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏட்டி, மழையில ஏன் நனைஞ்சுட்டு வார?"

ஆச்சி எப்போது போனாள் என்று கேட்டாள். சொன்னேன். எண்பத்து மூன்றில் அத்தை ஹோமில் ஒருநாள் விடாமல் வேலை செய்தாளாம், அம்மா போனதை யாரும் சொல்லவில்லையாம். பிறகு ரியாவைப் பற்றிக் கேட்டாள். போனில் படம் காட்டினேன். விரல் படாமல் குனிந்து பார்த்தாள்.

"கலியாணத்துக்கு நான் வரலாமாட்டி? பின்னால உக்காந்துக்கிடுதேன்."

"முன்னாலயே உக்காருங்க. காலையில கார் அனுப்புறேன்."

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார்.

29 செப்டம்பர்

பலகையின் மாதிரி பிரிண்ட் வந்தது. அத்தை பெயருக்குக் கீழே 1953, ஒரு கோடு, பிறகு வெற்றிடம். நான்தான் அப்படிக் கொடுத்தேன். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

6 அக்டோபர்

விமான் நகரிலிருந்து ஜேடனின் அம்மா ஃபேபியோலா வந்திருந்தார். பலகையைப் பார்க்க ஆசைப்பட்டார். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்து நின்றார்.

"இவங்க உங்க அத்தையா? உயிரோட இருக்காங்களா? ஒரு ஃபங்ஷன்லயும் பாத்ததில்லையே. எங்க இருக்காங்க?"

டீ கொட்டிவிட்டது, துடைத்தேன். ரியா என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் உதடு அசைந்தது. ப்ளீஸ் மம்மி.

அப்பா மூலையில் நாற்காலியில் இருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னது நான்.

"எழுபத்தொண்ணுல தவறிட்டாங்க. வருஷம் விட்டுப்போச்சு போல."

"ஐயோ, சின்ன வயசு. என்ன உடம்புக்கு?"

"மஞ்சக்காமாலை."

பூசையில் பெயர் வாசிக்கிற மாதிரி குரல் நடுங்காமல் வந்தது. ஃபேபியோலா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

7 அக்டோபர்

ரியா அழுதாள். "நான் அவங்கள ஹேட் பண்ணல மம்மி. கல்யாணம் முடியட்டும், அப்பறமா சொல்லிக்கலாம். ஃபேபியோலா ஆன்ட்டி தப்பா எடுத்துக்கிட்டா?"

மருந்து வந்து நாற்பது வருடம் ஆயிற்று, தொற்றாது, பரம்பரையும் இல்லை — எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து?

பிரிண்ட் போடுகிறவருக்கு 1971 என்று அனுப்பிவிட்டேன்.

9 நவம்பர்

வரவேண்டாம் என்று அத்தைக்குப் போன் செய்து சொல்ல நினைத்தேன். அதற்குள் அத்தையே பேசினாள், சிஸ்டரின் போனிலிருந்து. என்ன கலர் புடவை கட்டலாம் என்று கேட்டாள். ஆகாய நீலம் என்றேன்.

ஆகாய நீலம் என்றேன். என்ன மனுஷி நான்.

16 நவம்பர், சனி

கல்யாணம் நன்றாக நடந்தது. எல்லோரும் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள்.

17 நவம்பர்

நேற்று ஹோமிலிருந்து ஆறு அழைப்பு வந்திருக்கிறது. இன்று எடுத்தேன். சிஸ்டர் கோபப்படவில்லை. அத்தை விடியுமுன்னே குளித்து, புடவை கட்டி, கேட்டருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாராம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, அங்கே பிரியாணி இருக்கும், வயிறு காலியாக இருக்கட்டும் என்றாராம். விளக்கு போட்ட பிறகு அவராகவே எழுந்து உள்ளே போனாராம்.

கார் ரிப்பேர் என்றேன்.

"ஓ" என்றார் சிஸ்டர்.

24 நவம்பர், ஞாயிறு

கல்யாண கேக்கில் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போனேன். விழுந்து மன்னிப்புக் கேட்பதாக பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.

அத்தை விசிட்டர் அறைக்கு வந்தாள். எழுந்தேன். "இருங்க, இருங்க" என்றாள். மின்விசிறியைப் போட்டாள். வேறு யாரையோ பார்க்க வந்தவளிடம் பேசுகிற மாதிரி, பஸ் கிடைத்ததா என்று கேட்டாள். கார் ரிப்பேர் என்று தொடங்கினேன். "அதனால என்ன, கலியாண வீட்டுல ஆயிரம் சோலி இருக்கும்" என்று முடித்துவிட்டாள்.

கேக்கில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். மீதியை மூடி என் பக்கமே நகர்த்தினாள்.

"நல்லாருக்கு. அண்ணன் சீனி சாப்பிடுவாருல்லா, கொண்டு குடுங்க. இருட்டப் போவுது, நீங்க கெளம்புங்க."

நீங்க.

பெட்டியை வீட்டில் மேஜை மேல் வைத்தேன். அப்பா எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. ஸ்பூன் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கும் ஒரு ஸ்பூன் கொண்டுவந்திருந்தார்.