ஆஸ்பத்திரி விரிப்புகள்

ஏப்ரல் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஃபோனில் உங்கள் குரல் கேட்டாலே பாப்பா ஓடிப்போய் மாடிக்கதவைத் தட்டி, "அப்பா தொற, அப்பா தொற" என்று அழுகிறாள். அதனால்தான் கயிற்றில் இறக்கும் சாப்பாட்டுக் கூடையில் கடிதம். சிரிக்காதீர்கள்.

ஊரடங்கில் ஓட்டல், மண்டபம் எல்லாம் மூடிக் கிடக்கையில் நம் லாண்டரிக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த மூட்டைகள் வந்து இறங்கும்போது, யார் படுத்த விரிப்போ, அவர் என்ன ஆனாரோ என்று ஜன்னலில் நின்று பார்க்கிறேன். எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று நீங்கள் கீழே கடையிலேயே படுத்துக்கொள்கிறீர்கள். உங்களுக்கு ஒட்டாமல் யார் பார்ப்பது?

கையுறை கிழிந்தால் உடனே மாற்றுங்கள்.

மேலே இருப்பவள்


ஏப்ரல் 15

மேல்வீட்டு மகாராணிக்கு,

பயப்படுவதற்கென்று ஒரு பட்டப்படிப்பு இருந்தால் அதிலும் நீதான் முதல் வகுப்பு. நான் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் வேலை செய்கிறேன். மூட்டை கொண்டுவருகிறவர் நேற்று, "அண்ணே, உள்ள இருக்கறது நீங்கதானா?" என்று கேட்டார்.

இந்த வேலையையும் விட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் பாப்பாவோடு உட்கார்ந்து பொம்மைக்குத் தலைவார வேண்டியதுதான். தைரியமாக இரு.

கீழே இருப்பவன்


ஏப்ரல் 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

காலையிலிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி மேலே வரை வருகிறது. பாப்பா இருமினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஜன்னலைச் சாத்திய பிறகுதான் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏம்மா, உன் வீட்டுக்காரரு துணி வெளுக்கறாரா, தெருவையே வெளுக்கறாரா?" என்கிறார். எதற்கு இவ்வளவு போடுகிறீர்கள்?

மேலே இருப்பவள்


அன்றே, மதியம்

மகாராணிக்கு,

நெடியா? இங்கே ஒன்றும் இல்லையே. பவுடர் பழசு, நம் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு ஏது கரண்டிக் கணக்கு? மூக்கில் ஏறினால் நிறுத்துவேன், அதுதான் என் அளவு. இன்று அள்ளி அள்ளிப் போட்டும் ஏறவில்லை. இரண்டு விரிப்பு நைந்தே போயிற்று. கண் எரிகிறது, தூக்கம் போதவில்லை போல. சோற்றிலும் உப்பு மறந்துவிட்டாய். பரவாயில்லை.

கீழே இருப்பவன்


உடனே

என்னங்க,

உப்பு சரியாக இருந்தது. பவுடரும் நன்றாகத்தான் இருக்கிறது. மணமும் ருசியும் தெரியாதது உங்களுக்குத்தான். அது எந்த நோயின் அறிகுறி என்று பேப்பரில் நீங்களும் படித்தீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்துவிட்டேன். லாண்டரிக்காரர் என்றதும் அந்த நர்ஸம்மா, "ஐயோ, அவரா! இப்பவே வண்டி அனுப்பறேம்மா" என்றார். துணியைத் தொட்டியிலேயே விடுங்கள். வேலை கைவிட்டுப் போகுமே என்று எனக்கும் பயம் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு இப்போது வேறு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூச்சு வாங்குகிறதா? எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மூச்சு வாங்கவில்லையென்றால் ஷட்டரில் ஒரு தட்டு தட்டுங்கள். தரையில் காதை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.


என்னங்க,

ஃபோனையும் எடுக்கவில்லையே. தட்டினீர்களா? பாப்பா அழுத சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கும். இப்போது அவளை மடியில் போட்டு வாயைப் பொத்தியிருக்கிறேன். இன்னொரு தரம் தட்டுங்கள்.