திறந்த டிரெய்லரில் கருநீலம்

மார்ச் 4, புதன்

பல் டாக்டரின் காருக்குக் கடைசிக் கோட் அடித்து முடித்தேன். கருநீலம். இந்த நிறத்தில் ஒரு விரல் பட்டால்கூட ஊருக்கே தெரியும். வெள்ளை மாதிரி மன்னிக்கிற குணம் இதற்குக் கிடையாது.

பட்டி பார்த்ததிலிருந்து பளபளப்பு ஏற்றியதுவரை எல்லாம் நானே. பெரிய ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷமும் என்னை உப்புத்தாள் தேய்க்கவும் டேப் ஒட்டவும்தான் விட்டார்கள். வெளியே வந்து சொந்தமாக ஷெட் போட்டபின் முழு வண்டியாக வந்த முதல் வேலை இது. "மூணே மாசம், திரும்பி வந்து நிப்பே" என்று வாழ்த்தித்தான் முதலாளி அனுப்பி வைத்தார்.

அடுத்த வாரம் ஞாயிறு வெளியூரில் பழைய கார் கண்காட்சி. வண்டி பளிச்சென்று போய் நின்றால் நான் பெயிண்டர். கீறலோடு போய் நின்றால் மறுபடி டேப் ஒட்டப் போக வேண்டியதுதான்.

மார்ச் 7, சனி

பிரேக்கை நம்ப முடியாது, அதனால் அவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. மூடின லாரி எங்கே கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவருடைய திறந்த டிரெய்லர்தான். வெயில், புழுதி, முன்னால் போகிறவன் டயர் தூக்கி அடிக்கிற கல், எல்லாம் நேராக என் பானெட்டுக்கு. பாதுகாப்புக்கு ஃபிலிம் ஒட்டவும் வழியில்லை. புது பெயிண்ட் இன்னும் இறுகவில்லை, காற்றுப் போகாமல் மூடினால் கொப்பளித்துவிடும்.

காரைத் திருப்பி ஏற்றுங்கள், கல் பட்டால் டிக்கியில் படட்டும் என்றேன். இவர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார்.

"இன்ஜின் பாரம் பின்னாடி போனா டிரெய்லர் வாலாட்டும். அப்புறம் வண்டியும் இல்ல, நானும் இல்ல."

இருபது வருஷமாக லாரி ஓட்டுகிற மனுஷன். சரியாகத்தான் சொல்லியிருப்பார். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. பெயிண்டைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்னு கேட்டுட்டேன். அவர் எழுந்து போய் டயருக்குக் காற்று அடித்தார், நன்றாக இருந்த டயருக்கு.

மார்ச் 9, திங்கள்

இவர் இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறார். ஆனால் நான் கேட்காமலே இழுக்கிற வண்டியின் பின் சக்கரங்களுக்குத் தரையைத் தொடுகிற மாதிரி அகல ரப்பர் மாட்டிவிட்டார். கல் கிளம்புகிற இடத்திலேயே அமுக்கிவிடும். டிரெய்லரின் முன்பக்கம் ஒரு பலகையை நிற்க வைத்து முட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பேசவில்லை. சரி, பிடித்தாரே.

மார்ச் 12, வியாழன்

காரைக் கழுவி ஏற்றியாயிற்று. பெல்ட் எல்லாம் சக்கரத்தோடு சரி, பாடியில் ஒன்றும் உரசவில்லை. விடியற்காலையில் இவர் கிளம்புகிறார். எனக்கு இங்கே ஒரு வேன் கதவு வேலை பாக்கி. அதை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் போவேன்.

மார்ச் 13, வெள்ளி. பஸ்ஸில்

எழுத்து ஆடுகிறது. பஸ்ஸும் ஆடுகிறது, நானும்தான்.

காலையில் இவரே ஃபோன் பண்ணினார். ஒரு வாரமாக வாயைத் திறக்காத மனுஷன், குரலில் அப்படி ஒரு குஷி. ஹைவே ஏறிட்டேன், நீ கவலையேபடாதே, டாக்டர் அளவெடுத்துத் தைச்சு வச்சிருந்த துணிக் கவரைக் கிளம்பறப்போ போர்த்திக் கட்டிட்டேன், ஒரு தூசி படாது என்கிறார்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நின்றுகொண்டிருக்கிற காருக்குத்தான் கவர். ஓடுகிற டிரெய்லரில் போட்டால் காற்று துணியைப் படபடவென்று அடிக்கும். உள்ளே புழுதி புகுந்தால் துணியே உப்புத்தாள். போய்ச் சேருவதற்குள் கருநீலம் சாம்பலாகிவிடும். இதெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நான் கத்தினேன். வேன்காரர் சாவியைக் கீழே போட்டுவிட்டார். "ஓரங்கட்டுங்க! இப்பவே கழட்டுங்க!" சரி சரி என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஃபோனை எடுக்கவே இல்லை. எத்தனை தடவை அடிச்சேன்னு எனக்கே தெரியல. மத்தியானம் ஒரு மெசேஜ் மட்டும்: "வந்து சேர்ந்துட்டேன். மத்ததை நேர்ல பேசிக்கலாம்."

மத்ததுன்னா என்ன? எது மத்தது? வண்டி நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே. நேர்ல பேசறதுக்கு என்ன இருக்கு? போச்சு. எல்லாம் போச்சு. அந்த முதலாளி மூஞ்சியில எப்படிப் போய் முழிக்கப் போறேன்.

அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. எனக்காகத்தான் போர்த்தியிருக்கிறார். அதை நினைத்தால் அழுகையும் வருகிறது. ரெண்டையும் ஒரே நேரத்தில் பஸ்ஸில் எப்படிப் படுவது? பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மார்ச் 14, சனி

நேற்று சாயங்காலம் வந்து இறங்கியதும் கண்காட்சி மண்டபத்தின் பின்வாசலுக்கு ஓடினேன். டிரெய்லர் நின்றது. கார் திறந்தபடி, புழுதியும் பூச்சியுமாக. இவர் படியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். கேட்டால் பதில் வருமே என்று பயம். குழாயிலிருந்து ஹோஸைப் போட்டுத் தண்ணீர் விட்டேன். துடைக்காமல், அதுபாட்டுக்கு ஓடட்டும் என்று.

புழுதி இறங்க இறங்கக் கருநீலம் வெளியே வந்தது. செல்ஃபோன் வெளிச்சத்தை அடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தேன். பானெட்டில் ஒன்றுமில்லை. நான் வைத்த பலகைதான் அம்மை போட்டவன் முகம் மாதிரி குழிகுழியாகக் கிடந்தது. கதவுகளில் ஒன்றுமில்லை. கூரை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு லேசான மங்கல், அவ்வளவே. மேலே அடித்த நிறமில்லாத கிளியர் கோட்டைக்கூடத் தாண்டவில்லை. கையாலேயே பாலிஷ் போட்டால் போய்விடும்.

டிரெய்லர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நிம்மதி என்றால் இப்படித்தான் இருக்கும்போல, உடம்பு கழன்ற மாதிரி.

"எப்படிங்க? கவர் எங்கே?"

"பறந்துடுச்சு."

ஹைவே ஏறின முதல் பாலத்திலேயே போயிருக்கிறது. என்னிடம் பெருமையடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கார் மேல் கவரே இல்லை. நான் கத்தினதும் ஓரங்கட்டிப் பார்த்தால் பம்பரில் ஒரே ஒரு கயிறு தொங்குகிறது. திரும்பிப் போய் ரோட்டோரம் முழுக்கத் தேடியிருக்கிறார். டாக்டரின் கவரைத் தொலைத்துவிட்டோம், பெயிண்டும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, இதில் உன்னிடம் என்னவென்று சொல்வேன் என்றுதான் ஃபோனை எடுக்கவில்லையாம். வண்டிக்கு ஒன்றுமில்லை என்று இவருக்கே நான் கழுவின பிறகுதான் தெரியும்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. இவர் முதலில் பயந்துபோய்ப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்தார். ஒரு வாரச் சண்டை அங்கேயே முடிந்தது. அன்றைக்குச் சொன்னது தப்புங்க என்றேன். இவர், விடு, எனக்கு நிஜமாவே தெரியலையே என்றார்.

இன்று காலையில் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கவர் போனால் போகட்டும், ஆனால் அதைத் தைத்துக் கொடுத்தது என் மாமியார், அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். மங்கலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டேன். எங்கே இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

நல்ல கூட்டம். ஒருத்தர் கதவில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிபண்ணிக்கொண்டு போனார். இதைவிடப் பெரிய பரிசு எனக்கு வேண்டாம்.

மார்ச் 24, செவ்வாய்

மத்தியானம் ஷெட் வாசலில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. டாக்டரின் நண்பராம், பழைய சிவப்புக் கார், கண்காட்சியில் கருநீலத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கார் மேல் இறுகக் கட்டின துணிக் கவர்.

நான் உள்ளேயிருந்து எழுந்து வருவதற்குள் இவர் பாய்ந்து போய்விட்டார். ஓடற வண்டிக்கு யாராவது கவர் போடுவாங்களா சார், காத்துல துணி அடிச்சா உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஆயிடாதா என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினார். நான் கத்தினது ஒரு வார்த்தை விடவில்லை. வந்தவர் மிரண்டு போய், நீங்கதான் அந்த பெயிண்டரா என்று மரியாதையாகக் கேட்டார்.

"நான் டிரைவருங்க. பெயிண்டர் உள்ளே இருக்காங்க. கொஞ்சம் இருங்க, கேட்டுக்கிட்டு வந்து கழட்டறேன்."