முதல் மேசை மகாராணி

அணைந்த திரியின் புகை வாசனை மேசைவரை வந்தது. செபராங் ஜெயா மண்டபத்தில் நேற்று ஒரு கல்யாண விருந்து. ஏர்கோன் குளிர்காற்று நேராக விழும் இடத்தில் குத்துவிளக்கை வைத்துவிட்டார்கள். முன்பென்றால் நான் ஓடிப்போய், பெண்வீட்டார் கண்ணில் படுவதற்குள் விளக்கை ஏற்றி, முதுகால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றிருப்பேன். நேற்று பட்டுப்புடவையில் முதல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நீ உட்காரும் இடம்.

"நீங்க பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?" என்று பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்டார். உன்னிடமும் இதையேதான் கேட்பார்கள். "நான் சாப்பாட்டுப் பக்கம்லா" என்பாய். நான் சும்மா சிரித்துவைத்தேன்.

உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? சூலியா தெரு மாடியறையில் இரண்டு பேருமாகத்தான் இந்தக் கல்யாண ஏற்பாட்டுத் தொழிலைத் தொடங்கினோம். இரண்டு பேரும்தான் நாற்காலிக்கு உறை மாட்டினோம், மணவறைக்கு அடியில் தவழ்ந்து ஒயர் இழுத்தோம். ஒரே நாளில் இரண்டு மூன்று கல்யாணம் வர ஆரம்பித்ததும் நீ சொன்னாய்: "ஒருத்தராவது ஓடாம இருக்கணும்டி. ரெண்டு பேரும் ஓடுனா எங்க ஓடுறோம்னு யாரு பாக்குறது?"

ஓடாமல் இருக்க உன்னால் முடிந்தது. மண்டபக்காரர்களிடம் பேசுவது, புது ஆள் சேர்ப்பது, அடுத்த வருஷத்தை யோசிப்பது எல்லாம் நீ. கல்யாணத்தன்று விருந்தாளி மாதிரி வந்து, சாப்பிட்டுப் போவாய். வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு மணப்பெண்ணின் கொசுவத்தைப் பிடித்திருக்கும் எனக்கு உன்னைப் பார்த்தால் வயிறு எரியும். வாக்கிடாக்கியில் நம் ஆட்களிடம் சொல்வேன்: "மகாராணிக்கு ரெண்டாவது பாயசம் போவுது, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க." எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறும்.

நீ போய்ச் சேர்ந்தாய். உன் நாற்காலி எனக்கு வந்தது, என் ஓட்டம் நம்மிடம் வேலை செய்யும் கவிதாவுக்குப் போனது. என் பொறாமையும் அவள் பின்னாலேயே போய்விட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் நடுவில் புகுந்து, அவள் சொன்னதையெல்லாம் மாற்றினேன். கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கேட்டாள்: "எல்லாம் நீங்களே செஞ்சா நான் எதுக்குக்கா? வேற இடத்துல கூப்பிடுறாங்க." அவள் போனால் மறுபடி நான்தான் ஓட வேண்டும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எத்தனை கல்யாணம் ஓடுவேன்? நாம் வளர்த்ததெல்லாம் அந்த மாடியறை அளவுக்குச் சுருங்கிவிடும்.

அந்த வாரம்தான் உன் வீட்டுக்காரர் உன் கைப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு வாக்கிடாக்கி. இயர்பீஸ் ஒயரில் காய்ந்த மல்லிகை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துக்குப் போனா இது அவ காதுலதான் இருக்கும்மா. பூவுக்குள்ள மறைச்சுக்குவா. நீங்க பேசுனத வீட்டுல வந்து அப்படியே பேசிக் காட்டுவா. மகாராணி, ரெண்டாவது பாயசம்னு. அன்னிக்குப் பூரா சிரிப்புத்தான்."

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாய். ஒருநாள்கூடப் பொத்தானை அழுத்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. இதற்கும் எனக்குப் பொறாமைதான். என் கேலியையும் கேட்டுக்கொண்டு, பாயசத்தையும் ருசித்துச் சாப்பிட உன்னால் மட்டும் எப்படி முடிந்தது?

நேற்று அந்த இயர்பீஸ் என் காதில் இருந்தது. விளக்கு அணைந்ததும் என் கட்டைவிரல் கைப்பைக்குள் பொத்தானைத் தேடியது. அதற்குள் கவிதாவின் குரல் கேட்டது: "போட்டோக்காரர விளக்குக்கு இந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க, காத்து மறையட்டும்." அவள் என்னைப்போல முதுகைக் கொடுக்கவில்லை. விளக்கு மறுபடி எரிந்தது. பெண்ணின் அம்மா கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். என் வயிறு நன்றாகவே எரிந்தது.

பிறகு மறுபடி அதே குரல், கொஞ்சம் தாழ்ந்து: "மொத மேசையப் பாத்தீங்களா, சிசிடிவி உக்காந்திருக்கு. கறிய மட்டும் கொறைச்சு வச்சிராதீங்க." என் காதுக்குள் நம் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

விரல் பொத்தானின் மேலேயேதான் இருந்தது. அழுத்தாமலே எடுத்தேன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இரண்டாவது பாயசம் கேட்டேன்.