பீச்சஸ் மரத்தின் மறுமொழி

என் மனோன்மணிக்கு, நீ இருந்த காலத்தில் ஒரு வரிகூட எழுதத் தெரியாதிருந்தவன் எழுதுகிறேன்.

திடுக்கிடாதே, நான்தான். மாலை வகுப்புக்குப் போய் எழுதப் பழகிவிட்டேன். ஒரு வரி முடிய ஒரு வெற்றிலை முடிகிறது. வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகையில் இதைப் போடப்போவதாக ரீச்சர் சொல்கிறா. மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். செய்தி உனக்கு.

நான் வேலை செய்த துறைமுக டொக்யார்ட்டில் வெள்ளைக்காரர் இருந்த நாளில் நெளிந்த பீச்சஸ் பழ டின் ஒன்றைக் கொண்டுவந்தேனே, ஞாபகமா? சீனிப்பாணியில் கிடந்த பழத்துண்டுகளைத் தின்றுவிட்டு டின்னைக் கவிழ்த்துத் தட்டினாய். “இஞ்சாருங்கோ, இதுக்குக் கொட்டை இல்லையோ?”

பிறகு கடைகளுக்கு வெளிநாட்டு டின்னே வராத காலம் வந்தது. “அப்ப நாங்களே வளப்பம்” என்றாய். மலைநாட்டு வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டி வருபவரிடம் சொல்லிவைத்து, பால்மாப் பேணியில் ஒரு கன்று எடுப்பித்தோம். அவர் சிரித்தார். “அக்கா, இது குளிர்ல வளர்ற மரம். இங்க வேர்த்தே செத்துப்போயிரும்.”

சாகவில்லை. எட்டு வருடம் இலை சடைத்து நின்றது. பூ மட்டும் இல்லை. நீயோ காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றினாய்.

பொங்கலுக்கு மறுநாள், காய்க்காத மரத்துக்கு எல்லா வீட்டிலும் செய்வதுபோல நானும் கத்தியோடு நிற்பேன். “காய்ப்பியோ, வெட்டட்டோ?” மரத்துக்குப் பின்னால் நின்று நீ குரலை மாற்றிச் சொல்லுவாய்: “இந்த ஒரு வருசம் விடுங்கோ ஐயா, கட்டாயம் காய்ப்பன்.” வருடா வருடம் அந்த மரம் பொய் சொன்னது.

படுக்கையில் கிடந்த உன் கடைசிக் கிழமையிலும் அதைத்தான் கேட்டாய். “ஒரு பழம் வரும் மட்டும் வெட்டாதேங்கோ.” நான் ஓம் என்றேன்.

நீ போனபின் வாளியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனி, ஆடி, ஆவணி, மரம் ஒரு சொட்டு நீரும் காணவில்லை. நம் மகள் செல்வி அந்த இடத்தில் அறை போடக் கேட்டாள். “பிள்ளையள் விறாந்தையில படுக்குதுகள். மரம் ராசா மாதிரி நிக்குது!” அவள் கேட்டதில் பிழை இருக்கிறதா?

ஒருநாள் படலையைச் சாத்த மறந்துவிட்டேன். பக்கத்து வளவு சுபைதாவின் ஆடுகள் வந்து, வாடி உதிர்ந்தது போக மிச்ச இலையெல்லாம் மேய்ந்துவிட்டன. குச்சியாக நின்ற மரத்தைக் கண்டதும் கத்தியை எடுத்தேன். இந்த முறை விளையாட்டுக்கு அல்ல. ஆனாலும் பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது: “காய்ப்பியோ, வெட்டட்டோ?”

கேட்டுவிட்டு நின்றேன். மறுமொழி சொல்ல நீ இல்லை.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. “இந்த ஒரு வருசம் விடுங்க ஐயா, கட்டாயம் காய்ப்பேன்!” சுபைதாதான். எட்டு வருடமாகக் கேட்டு உன் வசனம் அவளுக்குப் பாடம். பிறகு சொந்தக் குரலில், “என்ட ஆடு செஞ்சதுக்கு மரத்தக் கொல்லுறதா அண்ணே?” என்றாள். நீ போனபின் அன்றுதான் நான் அழுதேன், மனோ. சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஐப்பசி முதல் மழைக்கு வெறும் குச்சியெல்லாம் ரோசா நிறத்தில் பூ!

லொறிக்காரர் வந்து பார்த்தார். “எங்க ஊர்ல குளிருக்கு இலை கொட்டி, மரம் தூங்கி எழும்பித்தான் பூக்கும். நீங்க தண்ணிய ஊத்தி ஊத்தி அதத் தூங்கவே விடல்ல ஐயா.” “அப்ப என்ர பிழையோ?” என்று நீ சண்டைக்கு வருவது கேட்கிறது. இரண்டு பேருடைய பிழையும்தான். கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தந்தவன் நானல்லவா?

ஐந்து காயில் மூன்றை அணில் கொண்டுபோனது. பழுத்த இரண்டில் ஒன்று சுபைதாவுக்கு. “புளிக்குதே!” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் தின்றாள். மற்றதை உன் படத்தடியில் வைத்து எடுத்து, செல்வியும் நானும் பாதி பாதி தின்றோம்.

ஒரு பழம் வந்துவிட்டது. உனக்குச் சொன்ன வாக்கும் அதோடு முடிந்துவிட்டது. அறையைப் பற்றி இப்போது கேட்பாள் என்று பயந்தேன். செல்வி கொட்டையைக் கையில் உருட்டியபடி மரத்தைப் பார்த்தாள். “அறையைக் குசினிப் பக்கமாப் போடுவம் அப்பா” என்றாள்.

ஆகவே புது வாக்கு ஒன்று தருகிறேன், இம்முறை எழுத்தில். ஒவ்வோர் ஆவணியும் வாளியை ஒளித்துவைத்துவிட்டு, இலைகளை என் கையாலேயே உருவி மரத்தைத் தூங்க வைப்பேன். ஆடுகளை அனுப்பவா என்று சுபைதா இப்போதே கேட்கிறாள். கத்தியை மட்டும் இனி எடுக்கமாட்டேன்.

கைநாட்டு வைக்காமல், முழுப் பெயரும் எழுதி,
உன் மனுசன்
கந்தையா