லூர்துவின் காகித மல்லிகை

1926 ஜூலை 31, சனி

காலையெல்லாம் வெயில். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கோவில் பின்கொட்டகையில் காகிதப்பூ வகுப்பு. மரவள்ளி மாவுப் பசை நீர்த்துப்போய்விட்டது. பச்சை நூல் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

வந்தவர்கள்: பிள்ளைகள் பதினாறு, பெண்கள் ஏழு. என் மேசைக்கு: பிள்ளைகள் நாலு, பெண்கள் இரண்டு. அதில் ஒருத்தி தூங்கிவிட்டாள். மற்றவர்கள் எல்லாம் லூர்துவின் மேசையில்.

அவளைப் பற்றி இந்த நோட்டில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் புது டிரெசரின் மனைவி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து மூன்று மாதம்தான். வயது இருபத்திரண்டு. இந்த வகுப்பை ஆரம்பித்தது நான். ஈப்போவுக்கு வந்த நாளிலிருந்து மாதா திருநாளுக்குப் பீடத்துப் பூ செய்வதும் நான். நான் கத்தி முதுகால் இதழ் சுருட்டுவேன். அவள் நகத்தால் சுருட்டுகிறாள். நகத்தால்! அவள் ரோஜா இப்போதுதான் பறித்தது மாதிரி இருக்கிறது. என்னுடையது நன்றாகச் செய்த காகித ரோஜா. வித்தியாசம் எனக்கே தெரிகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

சாமியார் எட்டிப் பார்த்தார். “லூர்து கை பட்டா காகிதம்கூட வாசம் வீசுதே!”

வாசம் அத்தருடையது. பஞ்சில் தொட்டு மொட்டுக்குள் வைக்கிறாள். நான் பார்த்தேன். சொல்லவில்லை, சொன்னால் பொறாமை என்பார்கள்.

போகும்போது சாமியார் சொன்னது: “இந்த வருஷம் பீடத்துப் பூவை லூர்து பாத்துக்கட்டும். ஞானம் ஒத்தாசையா இருக்கட்டும்.”

ஒத்தாசை. நான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மேரியும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகள்.

ஆகஸ்ட் 2, திங்கள்

மழை இல்லை. துணி துவைத்தாயிற்று. காகிதக் கடைக்குப் போனேன். லூர்துவும் அங்கே. எங்கே போனாலும் அவள்தான் இருக்கிறாள்.

கடைத் தவுக்கே, சீன முதலாளி, நல்ல மனுஷன். வெட்டி மிஞ்சிய வண்ணக் காகிதங்களை வகுப்புக்குச் சும்மாவே கொடுக்கிறார். அவர் இல்லாவிட்டால் வகுப்பே இல்லை. அவர் மனைவிக்குப் போன மாதம் ஆண் பிள்ளை. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. வருகிற சனிக்கிழமை மாதம் நிறைகிறது, விருந்து வைக்கிறார்கள், எங்களையும் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, வகுப்பு சார்பா அந்தம்மாவுக்கு ஏதாச்சும் செஞ்சு கொண்டுபோவோமா? எனக்கு ஒரு யோசனை இருக்கு. புதன்கெழம வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்.”

யோசனையும் அவளுக்குத்தான் வர வேண்டும்.

ஆகஸ்ட் 4, புதன்

புழுக்கம். அவள் வீட்டுக்குப் போனேன். சுக்குக் காப்பி கொடுத்தாள், நன்றாகவே இருந்தது.

பெட்டியைத் திறந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய வெள்ளைக் காகிதம். அதில் மல்லிகைச் சரம். ஒரு முழம். ஒவ்வொரு மொட்டும் அரிசி அளவிலிருந்து வேர்க்கடலை அளவு வரை, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. பாதி விரிந்தது, விரியாதது, வாடத் தொடங்கியதுகூட ஒன்று. ஆண்டவரே, என்ன கை அது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்.

“பெத்தவளுக்குத் தலை நெறைய மல்லிய வச்சா எப்படி இருக்கும்! சொல்லுங்கக்கா, நல்லாருக்கா?”

சீனர் வீட்டில் வெள்ளைப் பூவைத் தலையில் வைத்தால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். ஈப்போவுக்கு வந்த புதிதில் என்னோடு பிரியமாக இருந்த பக்கத்து வீட்டுச் சீனத்திக்கு ஒரு வெள்ளைக் காகிதப் பூவைக் கொண்டுபோய் நீட்டினேன். “புங்ஙா பூத்தே! ஓராங் மாத்தி!” என்று மலாயில் கத்திக் கதவைச் சாத்தினாள். வெள்ளைப் பூ, செத்தவர்களுக்கு என்று. அப்புறம் அவள் என்னோடு பேசவே இல்லை.

எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். இவளும் பட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே.

“நல்லாருக்கு” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியடியில் கிடந்த கிறிஸ்துமஸ் சிவப்புக் காகிதத்தை எடுத்து வைத்தேன். சிவப்பு அவர்களுக்கு மங்கலம். எதற்கு எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். அவள் சரத்தைப் பார்த்து வீடே அலறும்போது என் பையிலிருந்து சிவப்புச் சரம் வெளியே வரும். மூன்று மொட்டு முடித்தேன்.

ஆகஸ்ட் 5, வியாழன்

அவர் ரயில்வே ஆபீசுக்குப் போனதும் உட்கார்ந்தேன். ரோஜா மொட்டு பதினொன்று. நாலு கோணல், தூக்கிப் போட்டேன். பசை காய நேரம் எடுக்கிறது, காற்றில் ஈரம்.

நகத்தால் சுருட்டிப் பார்த்தேன். காகிதம் கிழிந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் பார்த்துவிட்டார். “என்னா இது, யாருக்குக் கல்யாணம்?”

“கோவிலுக்கு.”

“பீடத்துப் பூவ அந்தப் பிள்ளைகிட்ட குடுத்தாச்சின்னு சொன்னியே.”

ரசம் ஊற்றினேன். மீன் நாளைக்கு வாங்க வேண்டும், வெள்ளிக்கிழமை.

ஆகஸ்ட் 6, வெள்ளி

சரம் முடிந்தது. முப்பது மொட்டு, ஒரு முழம். அவள் சரத்துக்கு ஒரு விரல்கூடக் குறையவில்லை.

அந்தத் தாயை நினைத்தேன். இரண்டைப் புதைத்தவள். மூன்றாவதின் விருந்தில் தலையில் சாவுப் பூ. லூர்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டினேன். சாமியார் சொன்ன ‘ஒத்தாசை’ ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, சனி

வெயில். மேரிக்கு நீலப் பாவாடை. நான், மேரி, லூர்து, வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். தவுக்கே வீட்டு வாசலில் சிவப்புத் துணி. உள்ளே கூடை கூடையாகச் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள். இவ்வளவு சிவப்பைப் பார்த்தும் இவளுக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்கும், அவள் ஊரில் மல்லிகைதானே மங்கலம்.

படியேறும்போது கைக்குட்டையிலிருந்து சரத்தை எடுத்தாள். என் கையில் வைத்தாள்.

“நீங்கதான் மூத்தவங்க. உங்க கையாலயே வச்சுவிடுங்கக்கா. எனக்குப் பூ கட்டத்தான் தெரியும், உங்க கைதான் ராசியான கை.”

சரம் கனமே இல்லை. அந்தம்மா கூடத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

லூர்துவைத் திரும்ப வாசல் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தேன். சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ மாதாவே, பச்சப் புள்ள இருக்க வீடாச்சே” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“சிவப்புத் துணியப் பாத்ததும்தான் ஞாபகம் வந்திச்சு” என்றேன். “பையில பீடத்துக்குச் செஞ்சது கொஞ்சம் கெடக்கு. அதக் குடுப்போம்.”

இரண்டும் பொய். இங்கே மட்டும் உண்மை எழுதுகிறேன்: தாய்க்காகச் சொல்லவில்லை, பிள்ளைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சரம் என் கைக்கு வந்ததால், பழி என் மேல் விழும் என்பதால் சொன்னேன்.

சிவப்புச் சரத்தை அந்தம்மா கொண்டையில் நானே சுற்றினேன். “சாந்தேக், சாந்தேக்”, அழகு அழகு என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஆளுக்கு இரண்டு முட்டை கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கூட்டம் என்னைச் சுற்றி. லூர்து எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். “ஞானக்கா இல்லாட்டி மானமே போயிருக்கும்லா”, “தவுக்கே காகிதமே குடுத்திருக்க மாட்டாரு.” சாமியாரும் வந்தார். பீடத்துப் பூ வழக்கம்போல என் பொறுப்பாம். லூர்துவே போய்க் கேட்டுக்கொண்டாளாம், எனக்குக் கொடுக்கச் சொல்லி.

ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. இறைச்சிக் குழம்பு வைத்தேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அவள் கேட்டுக் கொடுத்த வேலை என்பதுதான் குத்துகிறது. நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள்.

ஆகஸ்ட் 9, திங்கள்

தூறல். பீடத்துக்கு வெள்ளையும் நீலமுமாகப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு லூர்து வந்தாள், ஒத்தாசைக்கு. தானாக. தரையில் உட்கார்ந்து கம்பியில் பச்சைக் காகிதம் சுற்றினாள். கப்பலில் வாந்தி எடுத்த கதை சொன்னாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் எனக்கு அவளைப் பிடித்தும் இருந்தது.

அப்புறம் நான் வெட்டிப்போட்ட நீலத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாதா பீடத்துக்கு நம்ம வெள்ளையும் நீலமுந்தானே வெப்போம்?”

“ஆமா.”

“அதுவும் சரமா வெக்க மாட்டோம். தலைக்குத்தான் சரம்.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

“அந்தச் சிவப்புச் சரம் ஒரு நாள் வேலை இல்ல. முப்பது மொட்டு. ரெண்டு நாளு, மூணு நாளு ஆவும். எப்ப ஆரம்பிச்சீங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் மாதிரி கேட்டாள்.

“புதன்கிழமை” என்றேன். “உன் வீட்டுலேருந்து வந்ததும்.”

கையில் இருந்த கம்பியைச் சுற்றி முடித்தாள். நுனியைப் பசை தொட்டு ஒட்டினாள். மற்ற கம்பிகளோடு வரிசையாக வைத்தாள். எழுந்தாள்.

“வாரேங்க” என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.